வீரக்குடி, வேலைக்குடி

1780 ஆகஸ்ட் கடைசியில் கர்னல் வில்லியம் பெய்லி என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் குண்டூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். செங்கம் கணவாய் வழியாக இறங்கிய ஹைதர் அலியின் பெரும்படை ஆற்காட்டுச் சீமையைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பெய்லி வந்த வழி நம் கும்மிடிப்பூண்டி வழி. கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. இறங்கியே கடந்திருக்கலாம். கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது, வெள்ளம் வந்துவிட்டது. இன்று மேற்கே பூண்டியில் அணை இருக்கிறது, அன்று இல்லை. செப்டம்பர் முதல் வாரம் வரை அந்தப் படை கரையிலேயே கிடந்தது.

ஆறு வடிந்து கடந்தபின் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். தாக்குப்பிடித்தார்கள். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு இருந்தார், தூரம் சுமார் 14 மைல். அவர் தன் இடத்தை விட்டு நகரவில்லை. கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் ஒரு துணைப்படையை மட்டும் அனுப்பினார். 10ஆம் தேதி காலை புள்ளலூர் அருகே பெய்லியின் படை நாலாபக்கமும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதோடு முடிந்தது. இந்தியாவில் கம்பெனிப் படை அதுவரை இப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்தார். அந்த வெற்றியைத்தான் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டவைத்தார்.

அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தச் சண்டையைப் பற்றி இருநூறு வருஷமாக எழுதப்பட்டதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: தப்பு மன்றோவுடையதா, பெய்லியுடையதா? எனக்கு அந்தக் கேள்வியில் சுவை போய்விட்டது. என்னை உறுத்துவது கணக்கு. அந்தப் படையில் இருந்தவர்கள் சுமார் 3,800 பேர். அதில் ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர் என்றும், அவர்களில் 36 பேர் செத்தார்கள் என்றும், காயத்தோடு பிடிபட்டவர் இத்தனை, காயமில்லாமல் பிடிபட்டவர் இத்தனை என்றும் ஒற்றை ஆள் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். மீதி ஆட்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். அவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது.

புள்ளலூருக்குப் போனால் வயல்வெளியில் இரண்டு நினைவுத்தூண்களைப் பார்க்கலாம். அடியில் சதுரமாக, மேலே போகப் போகக் குறுகி, ஊசி மாதிரி முடிகிறவை. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27ஆம் தேதி, அதே இடத்தில் நடந்த இரண்டாவது சண்டையில் செத்த இரண்டு அதிகாரிகளுக்காக எழுப்பியவை. கர்னல் ஜார்ஜ் பிரவுன் ஒருவர், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் மற்றவர். சிப்பாய்க்கு அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. அந்த வயல்களில் ஏர் ஓட்டியவர்களின் பாட்டன்மார்கள் அந்தப் படையில் இருந்திருக்கலாம். யாரிடம் போய்க் கேட்பது?

பழைய கதையை மறுபடி சொல்ல நான் உட்காரவில்லை. கடந்த முப்பது வருஷமாக ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் கேள்வியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தளபதி என்ன உத்தரவு போட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிப்பாய் ஏன் சேர்ந்தான், சம்பளம் எவ்வளவு, படி வந்ததா, பெண்டாட்டி பிள்ளை எங்கே இருந்தார்கள், எதற்குக் கட்டுப்பட்டான், எப்போது முறுக்கிக்கொண்டான் என்று தோண்டுகிறார்கள். டேவிட் ஒமிஸ்ஸி 1994இலேயே ஆரம்பித்துவைத்தார். ஹெதர் ஸ்ட்ரீட்ஸ் 2004இலும், கௌஷிக் ராய் 2008இலும், ஸ்டீவன் வில்கின்சன் 2015இலும் நூல் கொண்டுவந்தார்கள். 2022இல் கிறிஸ்டினா வெல்ஷ் எழுதிய நூல் வங்காளத்தைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த கம்பெனி ராணுவக் கதையில் சென்னைக்கு உரிய இடத்தைக் கொடுக்கிறது. கூலிக்கு மாரடித்த கூட்டம் என்று நாம் நினைத்திருந்த சிப்பாய், தன் விலை தெரிந்தவனாக, பேரம் பேசத் தெரிந்தவனாக இந்த எழுத்துகளில் எழுந்து நிற்கிறான். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகம் திடீரென்று வெடித்த கோபம் மட்டும் இல்லை என்று புரிகிறது. தலைப்பாகையில் கைவைத்தவர்களுக்கு அவன் சொன்ன பதில் அது. அதற்குப் பின்னால் நீண்ட கணக்குவழக்கு இருந்தது.

இந்த நூல்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பகுதி. அதைத்தான் இளையவர்களிடம் சொல்ல வேண்டும்.

சென்னைப் படையின் சிப்பாய்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டை போட்டவர்கள். 1803இல் அசாயேயில், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியின் கீழ் மராட்டியப் பீரங்கிகளை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள். இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் இருக்கும் யானை அந்த அசாயே யானைதான். ஜாவாவுக்கும் பர்மாவுக்கும் சீனத்துக்கும் கப்பல் ஏறிப் போனவர்கள். 1857இல் வங்காளப் படை கொதித்தெழுந்தபோது சென்னைப் படை பெரும்பாலும் வெள்ளைக்காரன் பக்கமே நின்றது. அது சரியா தப்பா என்பது வேறு விசாரணை. கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது.

ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதி. அதன்பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லாதவன் ஆகிவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார். நீண்ட அமைதியும் சுகமும் இவர்களை மெலிய வைத்துவிட்டன, உடம்பில் பழைய வீரம் இல்லை என்று 1897இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினார். அவர் ஒருவரின் கருத்தாக அது நிற்கவில்லை, கொள்கையாகிவிட்டது. பஞ்சாபி முஸ்லிம், சீக்கியர், பட்டாணியர், கூர்க்கா என்று ஒரு பட்டியல் தயாரானது. இவர்கள் போர்க்குடிகள், மற்றவர்கள் இல்லை. எந்த ஜாதிக்கு மூக்கு எப்படி, மார்பு எத்தனை அகலம், குணம் என்ன என்று ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்குக் கையேடுகள் எழுதிக் கொடுத்தார்கள். சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சிலவற்றுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது, உள்ளே ஆட்கள் பஞ்சாபிலிருந்து வந்தார்கள். மகார்களுக்கும் இதே கதிதான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த படையில், 1892க்குப் பிறகு மகார்களைச் சேர்ப்பது நின்றது. முதல் உலகப் போர் ஆரம்பித்தபோது இந்தியப் படையில் ஏறத்தாழப் பாதிப் பேர் பஞ்சாபிகள். 1928 வாக்கில் மெட்ராஸ் ரெஜிமென்டே கலைந்து போயிற்று. சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை மட்டும் பெங்களூரில் தாக்குப்பிடித்தது.

ராபர்ட்ஸ் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாரா? ஓரளவுக்கு அப்படித்தான். 1880களில் சென்னைப் படையின் நிலைமை மோசமாகவே இருந்தது. அதற்கு ரத்தத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. தெற்கே சண்டை ஓய்ந்து பல பத்தாண்டு ஆகியிருந்தது. சண்டை இல்லையென்றால் படி இல்லை, பதக்கம் இல்லை, பதவி உயர்வும் நத்தை வேகம்தான். கெட்டிக்கார அதிகாரிகள் ரஷ்ய பயத்தால் சூடாக இருந்த வடமேற்கு எல்லைக்குப் போய்விடுவார்கள். இங்கே மிஞ்சியவர்கள் ஓய்வூதியத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள். இப்படி ஒரு படையைப் பட்டினி போட்டுவிட்டு, பார் எலும்பு தெரிகிறது என்றார்கள். கண்டது பொய் இல்லை, சொன்ன காரணம் பொய்.

இன்னொன்றும் உண்டு. ஆள் எடுக்கிறவர்கள் தேடியது வெறும் வீரத்தை இல்லை. நகரத்தைப் பார்க்காத, பத்திரிகை படிக்காத, எழுதப் படிக்கத் தெரியாத, சொன்னால் சொன்னதைச் செய்கிற கிராமத்துப் பையனை. படித்தவன் கேள்வி கேட்பான் என்ற பயம் அந்தக் கொள்கைக்குள் ஒளிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் பள்ளிக்கூடம் பெருகியது, அரசியல் பேச்சு பெருகியது. அதுவே தென்னாட்டுக்காரர்களைப் பட்டியலுக்கு வெளியே தள்ள உதவியது. வங்காளிகளுக்கும் இதேதான் நடந்தது.

புகழப்பட்டவனுக்கு மட்டும் நன்மையா கிடைத்தது? முதல் உலகப் போரில் உயிர்விட்ட இந்தியச் சிப்பாய்கள் 74,000க்கும் மேல். அதில் பெரிய பங்கு அந்தப் போர்க்குடி மாவட்டங்களுடையது. பஞ்சாபில் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வையரின் காலத்தில் கிராமத்துக்கு இத்தனை ஆள் என்று நெருக்கிப் பிடித்து அனுப்பினார்கள். போர் முடிந்த மறுவருஷம், 1919இல், ஜாலியன்வாலா பாக். நீதான் வீரன் என்று முதுகில் தட்டிய கைதான் அங்கே துப்பாக்கியையும் தூக்கியது.

இதையெல்லாம் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு இப்போது ஏன் சொல்ல வேண்டும்?

என்னிடம் படித்த ஒருவர் இன்று தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். நல்ல மனிதர், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து பேசுவார். ஒரு நாள் டீக்கடையில் சொன்னார்: "சார், நம்ம ஊரு பசங்களுக்கு உடம்பு வணங்காது சார். ஒரிசாப் பசங்க, பீகார்ப் பசங்கதான் மாடா உழைப்பானுங்க. அது அவங்க ரத்தத்துலயே இருக்குது." இதைச் சொல்வது அவர் ஒருவர் மட்டும் இல்லை. கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை முதலாளி, சூப்பர்வைசர், வீட்டு வாடகை வாங்குகிறவர், ஏன், பையனைப் பெற்ற அப்பாகூட இதையே சொல்கிறார். ராபர்ட்ஸ் துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் குரல் நம் டீக்கடையில் கேட்கிறது.

நான் அந்தக் காண்ட்ராக்டரிடம் சண்டை பிடிக்கவில்லை. "அவங்க எங்க தூங்குறாங்கப்பா?" என்று கேட்டேன். "ரூம் நாங்களே குடுத்துடுவோம் சார்." "ஊர்லேர்ந்து வர செலவு?" "அட்வான்ஸ் சார், சம்பளத்துல புடிச்சுக்குவோம்." இதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். கம்பி உருட்டும் ஆலையில் வேலை. உருளைக்கு நடுவிலிருந்து செக்கச்செவேலென்று சீறி வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிட வேண்டும். கண் இமைக்க நேரம் இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீப்பொறி தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள், புதிதும் பழசுமாக. ஆறு மாதத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். லீவே எடுக்க மாட்டாயா என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "லீவ் போட்டா எங்க போறது ஐயா? பகல்ல அந்தப் பாய்ல நைட் ஷிப்ட்காரன் தூங்கறான்." ஒரே பாயில் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி நாள். சாய்வதற்கு இடம் இல்லாதவன் வேலையில் நிற்கிறான். அதைப் பார்த்து நாம் ரத்தம் என்கிறோம்.

நம் ஊர்ப் பையனுக்கு வீடு இருக்கிறது. தங்கச்சிக்குக் கல்யாணம், தெருவில் தீமிதி, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாள். லேபர் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியும், யூனியன் கொடி ஏற்றிய மாமனும் இருப்பார். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரக் கூலி கொடுத்தால் ஏன் என்று கேட்பான். கேட்கிறவனுக்குச் சோம்பேறி என்று பெயர். இதே பையனைச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு அனுப்பிப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனும், கம்பெனி கொடுத்த படுக்கையும், சொந்தபந்தம் இல்லாத ஊருமாக, அங்கே அவன் லீவு போடாமல் உழைக்கிறான். இந்தியாக்காரன் மாடாக உழைப்பான் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். விமானத்தில் நாலு மணி நேரத்தில் ஒருவன் ரத்தம் மாறிவிடுமா?

கஞ்சத்துப் பையனைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மாடாக உழைப்பான் என்பதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவனிடம் சொல்லாதீர்கள். அந்தப் பாராட்டை நம்பித்தான் அவனுக்கு ஓவர்டைம் போடுகிறார்கள், அந்தப் பாராட்டை நம்பித்தான் கையுறை இல்லாமல் இடுக்கியைக் கொடுக்கிறார்கள். கூர்க்காவைப் பயம் அறியாதவன் என்று புகழ்ந்து முன்வரிசையில் நிறுத்தினார்களே, அதே வழி. நம் பையனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பகையை மூட்டிவிட்டு, இருவர் கூலியையும் குறைத்துக்கொள்ள இந்தப் பேச்சு வசதியாக இருக்கிறது. ஒருவனைத் தாழ்த்தியும் இன்னொருவனை உயர்த்தியும் பேசுகிறவர் யார், அவருக்கு அதனால் என்ன மிச்சம் என்று பார்க்கப் பழகுங்கள். இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசைப்படும் பழக்கம் இதுதான்.

அந்தப் போர்க்குடிப் பட்டியல் எவ்வளவு நாள் நின்றது தெரியுமா? தேவை வரும்வரைதான். இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்தபோது சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை, முடியும்போது 25 லட்சம் ஆனது. போர்க்குடி மாவட்டங்களை எவ்வளவு சுரண்டினாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள். 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. அதே வருஷம் மகார் ரெஜிமென்ட் பிறந்தது. மெலிந்துபோன இனம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பர்மாக் காட்டில் ஜப்பானியரோடு மோதினார்கள். அவர்கள் ரத்தத்தில் அதற்குள் யாரும் எதையும் கலந்துவிடவில்லை. சாப்பாடும் பயிற்சியும் துப்பாக்கியும், உன்னால் முடியும் என்கிற அதிகாரிகளும் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் போர் நம் மாவட்டத்தையும் தொட்டது. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கி ஏறின. பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் 1942இலிருந்து அங்கே தங்கி வங்கக் கடலைக் காவல் காத்தது. சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். போருக்குப் பிறகு அதில்தான் பல வருஷம் கார்ப் பந்தயம் நடந்தது. ஆவடியில் பெரிய ராணுவக் கிடங்கு வந்தது. அங்கேதான் பிறகு டேங்க் தொழிற்சாலை எழும்பி, 1965இல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. ஓடுதளத்துக்கு ஜல்லி சுமந்த பெண்கள், சிப்பாயின் உடுப்பைத் தைத்தவர்கள் எல்லோரும் ராணுவ வரலாற்றுக்குள்தான் வருவார்கள் என்று புதிய ஆய்வாளர்கள் சொல்லும்போது எனக்கு நம் மாவட்டம் முழுவதும் கண்முன் வருகிறது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம். தாத்தா அந்தப் போரில் பர்மா போய் வந்தவர், காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஓரம் கரையான் அரித்திருக்கிறது. நம்பர், ஊர், தாலுகா, உயரம், மார்பளவு, வலது புருவத்துக்கு மேல் தழும்பு. சாதிக்கு ஒரு கட்டம். நடத்தை எப்படி என்பதற்கு ஒரு கட்டம், அதில் மிக நல்லது என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல். எப்படிச் சேர்ந்தார், என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. அவர் மருமகளுக்குச் சில கதைகள் தெரியும். கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசினார். கப்பலில் வாந்தி எடுத்தது, கோவேறு கழுதையோடு மலை ஏறியது, திரும்பி வந்து முதல் வருஷம் முழுக்கக் கதவுப் பக்கம் தலைவைத்துத் தூங்கியது. கல்லூரியில் படிக்கும் பேத்தி எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தாள்.

இதைப் படிக்கும் பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி, பேரம்பாக்கம் பக்கத்துக் குடும்பங்களைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பர்மாவுக்குப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அரிது, அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது எண்பது வயது. காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், அது கெடுதல். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், முன்னும் பின்னும். பதக்கத்தை எடைக்குப் போடாதீர்கள், விளிம்பில் பெயரும் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களை உட்கார வைத்துப் பேசவிடுங்கள், பாட்டிமார்களை முதலில். கம்பெனி காலத்து ராணுவத் துறைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அதில் எழுதியவன் கைதான் இருக்கிறது. எழுதப்பட்டவன் வீட்டில் இருப்பது உங்களிடம் இருக்கிறது. வரலாறு படிக்கும் பிள்ளை யாராவது தேடி வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். கஞ்சத்துப் பையனிடமும் அவன் ஊர்க் கதையைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்லி அந்தப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துப் போக வேண்டும் என்றாள்.